1958-இல் வந்த ‘அட்டாக் ஆஃப் தி 50 ஃபுட் வுமன்’ படத்தில் அந்த ராட்சதப் பெண்ணின் உடல் ஏன் கண்ணாடி மாதிரித் தெரிகிறது?

கதையில் அதற்குக் காரணம் தேட வேண்டாம், பட்ஜெட்டில் தேடுங்கள். மொத்தச் செலவே ஒரு லட்சம் டாலருக்குள்தான்.

நாயகி அலிசன் ஹேய்ஸைத் தனியாகவும் ஊரைத் தனியாகவும் எடுத்து, இரண்டையும் ஒரே பிலிமில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்திருக்கிறார்கள். முறையாகச் செய்வதென்றால், பின்னணியில் அவள் நிற்கும் இடத்தை மட்டும் ஒவ்வொரு பிரேமிலும் அவள் உருவத்துக்கேற்ப மறைக்க வேண்டும். அதற்கு ஆளும் நாளும் காசும் வேண்டும். மறைக்காமல் விட்டால் பின்னணியின் வெளிச்சமும் அதே இடத்தில் பதியும். அதனால்தான் அவள் உடம்புக்குள்ளேயே பின்னணி தெரிகிறது!

படத்தில் வரும் அந்தப் பெரிய பொம்மைக் கை இன்னும் மோசம். விரல்கள் விறைத்துக்கொண்டே இருக்கும்.

இயக்குநர் நேதன் ஜூரன் சாதாரண ஆள் இல்லை. கலை இயக்கத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர். இந்தப் படத்தில் ‘நேதன் ஹெர்ட்ஸ்’ என்று பெயர் போட்டுக்கொண்டார். ஏன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், நெடுஞ்சாலைக்கு மேல் காலை அகட்டி நின்று காரைத் தூக்கும் அந்தப் பிரபல போஸ்டர் ரெனால்ட் பிரவுன் வரைந்தது. அப்படியொரு காட்சி படத்தில் கிடையவே கிடையாது.