4 நானோமீட்டர் சிப் போன் என்றால் சூடாகாதா?

கேள்வி: டெலிவரி வேலை. தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் என்று பகல் முழுக்க பைக்கில் மேப் ஓடுகிறது. மதியம் போன் கொதிக்கிறது, திரை தானாக மங்குகிறது. "6 நானோமீட்டரை விடுங்க, 4 நானோமீட்டர் எடுங்க, சூடே ஆகாது" என்கிறார் வண்ணாரப்பேட்டைக் கடைக்காரர். 5,000 ரூபாய் கூடுதல். கொடுக்கலாமா?

பதில்: இந்த ஒரு காரணத்துக்காக என்றால் வேண்டாம்.

அந்த எண் சிப்புக்குள் எதையும் அளந்து சொன்னதல்ல, உற்பத்தி முறைக்கு வைத்த பெயர். '5 நானோமீட்டர்' சிப்பில் ஒரு டிரான்சிஸ்டரின் (மின்சாரத்தைத் திறந்து மூடும் நுண் சுவிட்ச்) கேட்டுக்கும், அதாவது அதன் கதவுக்கும், அடுத்ததற்கும் சுமார் 50 நானோமீட்டர் இடைவெளி. இன்டெல் தன் 10 நானோமீட்டர் முறையின் மேம்பட்ட வடிவத்துக்கு 2021-ல் 'இன்டெல் 7' என்று பெயர் மாற்றியது. அதற்காக எல்லாமே பித்தலாட்டம் என்பதும் தவறு. 5-லிருந்து 3-க்குப் போனால், அதே வேகத்துக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் மிச்சம் என்கிறது தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சி. டிரான்சிஸ்டர் நெருக்கமும் நிஜமாகவே கூடுகிறது. சிப்புக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகமான கேஷ்தான் முரண்டு பிடிக்கிறது, அதில் ஒரு பிட் தகவலை வைக்கும் செல் சுருங்கியது சொற்பம்.

எண்ணைவிட, எந்த ஆலையில் செய்தது என்று கேளுங்கள். 2021 இறுதியில் வந்த, குவால்காம் வடிவமைத்த ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 என்ற போன் சிப், சாம்சங் ஆலையின் 4 நானோமீட்டர். சூடு பற்றிப் புகார் குவிந்தது. மறு ஆண்டே குவால்காம் கிட்டத்தட்ட அதே வடிவமைப்பை டிஎஸ்எம்சியின் 4 நானோமீட்டரில் செய்து '8 பிளஸ் ஜென் 1' என்று இறக்கியது. வேகம் ஏறியது, சூடு இறங்கியது. இரண்டுமே '4' தான்!

உங்கள் விஷயத்தில் சிப் பெரிய குற்றவாளி இல்லை. மேப்புக்கு அது அவ்வளவு உழைப்பதில்லை. நேர் வெயில், முழு வெளிச்சத்தில் திரை, ஓடும்போதே சார்ஜ், மேலே தடித்த ரப்பர் கவர்: இவைதான் காரணம். திரை மங்குவது போன் தன்னைக் காத்துக்கொள்வது. 4 நானோமீட்டர் போனும் அதையே செய்யும். கவரைக் கழற்றுங்கள், ஹோல்டருக்கு மேல் சின்ன நிழல் மறைப்பு போடுங்கள், கிளம்பும் முன்பே சார்ஜ் ஏற்றிவிடுங்கள். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏறினால் பேட்டரி ஆயுள் தேயும்.

வாங்கும் முன், அதே மாடல் வைத்திருப்பவரிடம் போனின் வேகத்தை அளக்கும் 3டிமார்க் செயலியின் 20 நிமிட ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டை (ஒரே சோதனையை விடாமல் பல சுற்று ஓட்டுவது) ஓட்டிப் பாருங்கள். கடைசிச் சுற்றின் மதிப்பெண் முதல் சுற்றின் மதிப்பெண்ணில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் நின்றால் அந்தப் போன் சூட்டைச் சமாளிக்கிறது. 60-க்கு விழுந்தால் பெட்டியில் என்ன எண் இருந்தாலும் விட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் சமமாக இருந்து, வித்தியாசம் ஆயிரம் ரூபாய்க்குள் என்றால் தாராளமாக 4-ஐ எடுக்கலாம்.