கிராஃபிக்ஸ் கார்டு பழுதாகிவிட்டது. மாற்றுக் கார்டு எதைப் பார்த்து வாங்குவது? நானே பொருத்தலாமா?

தாராளமாகப் பொருத்தலாம். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்தால் போதும். ஆனால் எந்தக் கார்டு என்று யோசிப்பதற்கு முன் கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள். அதைப் பார்க்காததால் மும்பையின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான லாமிங்டன் ரோட்டுக்கு மூன்று முறை அலைந்தவன் நான்.

என்னிடம் இருந்தது ஜிடிஎக்ஸ் 750 டிஐ என்ற கார்டு. 60 வாட்தான் இழுக்கும். கார்டைச் செருகும் மதர்போர்டு ஸ்லாட்டே 75 வாட் வரை தரும் என்பதால் அதற்குத் தனி வயர் தேவைப்படவில்லை. அந்தச் சாதுவோடு பல வருடம் குடித்தனம் நடத்தியதில், கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தனியாக மின்சாரம் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதே எனக்குத் தெரியாமல் போயிற்று. அது உயிரை விட்டதும் ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கினேன். கல்யாண வீடியோ எடிட் செய்வது என் பிழைப்பு. 12 ஜிபி நினைவகம் என்றதும் மனம் மயங்கிவிட்டது. பக்கத்து கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் லோக்கல் ரயில் பிடித்து, மாட்டுங்கா ரோடு வரை பெட்டியை மடியிலிருந்து இறக்காமல் வந்தேன். வீட்டில் பிரித்துப் பார்த்தால் கார்டின் விளிம்பில் தனி மின்சாரத்துக்கான 8 பின் இணைப்பு இருக்கிறது. என் எஸ்எம்பிஎஸ்ஸில் அதற்கான வயரே இல்லை.

மறுநாள் கடைக்காரர் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் இரண்டு மோலக்ஸ் (பழைய பாணி 4 பின்) முனைகளை 8 பின்னாக மாற்றும் கன்வெர்ட்டரை நீட்டி, ‘சலேகா’ (ஓடும்) என்றார். ஓடத்தான் செய்தது. விண்டோஸ் வந்தது, பாட்டும் பாடியது. ஒரு வரவேற்பு வீடியோவை ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) கொடுத்த சில நிமிடங்களில் எல்லாம் ஒரேயடியாக அணைந்துவிட்டது. கன்வெர்ட்டரைத் தொட்டால் அடுப்பிலிருந்து இறக்கிய காப்பி டம்ளர் போலச் சுட்டது. அப்போதுதான் எஸ்எம்பிஎஸ்ஸின் லேபிளை டார்ச் அடித்துப் படித்தேன். கொட்டை எழுத்தில் 450 வாட். அதன் கீழே பொடி எழுத்தில், 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட்தான். கார்டும் பிராசசரும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. 3060-க்கு மட்டுமே 170 வாட் போனால் பிராசசருக்கு மிஞ்சுவது 46. மூன்றாவது பயணம் புது எஸ்எம்பிஎஸ் வாங்க.

ஆகவே உங்கள் லேபிளிலும் அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள். 6 பின் வயர் 75 வாட்டுக்கு, 8 பின் வயர் 150 வாட்டுக்கு. இரண்டுமே இல்லை, எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றவும் மனமில்லை என்றால், ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி கார்டைப் பாருங்கள். 70 வாட், ஸ்லாட்டில் கிடைப்பதே போதும். அதே 3050-இன் 8 ஜிபி கார்டுக்கு 130 வாட் வேண்டும், தனி வயரும் வேண்டும். ஒரே பெயரில் இரண்டு பிறவிகள். கடையில் ‘3050’ என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்காதீர்கள்.

அடுத்து நீளம். தையல் டேப்பை எடுத்து, கேபினெட்டின் பின்தகட்டிலிருந்து முன்னால் இருக்கும் ஹார்டு டிஸ்க் கூண்டு வரை அளந்து கொள்ளுங்கள். இரண்டு விசிறி வைத்த கார்டுகள் பல 24 செ.மீ. அளவுக்கு நீளும். ஒல்லியான அலுவலகக் கேபினெட் என்றால் உயரம் குறைந்த லோ புரொஃபைல் கார்டுதான் நுழையும். பழைய மதர்போர்டில் புது பிசிஐஇ கார்டு (கார்டு செருகும் ஸ்லாட் வகையின் பெயர்தான் பிசிஐஇ) பொதுவாக வேலை செய்யும். ஆனால் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்றவை தகவல் போகும் பாதைகளான லேன்களில் நான்கை மட்டுமே பயன்படுத்துவதால், பழைய தலைமுறையான பிசிஐஇ 3.0 போர்டில் வேகம் குறையும். மானிட்டரில் நீல நிற விஜிஏ இணைப்பு மட்டும்தானா? புதிய கார்டுகளில் அது இல்லை. உள்ளே சிப் உள்ள கன்வெர்ட்டராக வாங்க வேண்டும். வெறும் வயர் உதவாது.

செகண்ட் ஹேண்டில் என் ஆலோசனை, கடையிலேயே ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள் என்பதுதான். பழைய சிப் உள்ள கார்டின் பயாஸை (கார்டு தன்னை இன்னதென்று சொல்லிக்கொள்ளும் உள் மென்பொருள்) மாற்றி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு என்று விற்றதெல்லாம் நடந்திருக்கிறது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இப்படிப்பட்ட பல போலிகளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இனிப் பொருத்துவது. பவர் வயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி, மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். கேபினெட்டின் வெறும் உலோகத்தை ஒருமுறை தொடுங்கள். பழைய கார்டின் ஸ்க்ரூவைக் கழற்றி, ஸ்லாட்டின் ஓரத்திலுள்ள சிறு கொக்கியை அழுத்தியபடியே நேராகத் தூக்குங்கள். கொக்கியை மறந்து இழுத்தால் ஸ்லாட் கையோடு வந்துவிடும். புதியதைப் பிராசசருக்கு அருகிலுள்ள நீள ஸ்லாட்டில் ‘டக்’ என்று கேட்கும்வரை அழுத்தி, ஸ்க்ரூவை முடுக்குங்கள். 8 பின் வயரில் கவனம் தேவை. 6+2 எனப் பிரிவதே கார்டுக்குரியது. 4+4 எனப் பிரிவது பிராசசருக்குரியது. உள்ளே மின் வரிசை வேறு. நுழையவில்லை என்றால் வயர் தப்பு, பலத்தைக் காட்டாதீர்கள்.

எல்லாம் முடித்து ஆன் செய்தபோது எனக்குத் திரை கறுப்பாகவே இருந்தது. வியர்த்துவிட்டது. எட்டிப் பார்த்த மைத்துனன், “அத்திம்பேர், ஹெச்டிஎம்ஐ வயரை மதர்போர்டிலேயே செருகியிருக்கிறீர்களே” என்றான். கார்டின் துளைக்கு மாற்றினேன், படம் வந்துவிட்டது.