கருங்கல்லு ஏன் சரியுது? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: மேட்டுப்பாளையம் – குன்னூர் ரூட்ல 18 வருஷமா பஸ் ஓட்டுறேன். மழைக்கு மண்ணு சரியறது புரியுது, ஆனா நல்ல கெட்டியான கருங்கல் பாறையும் ரோட்டுல வந்து விழுதே, அது எப்படிங்க? பாத்தாலே தெரிஞ்சுக்க வழி இருக்கா?
– பஸ் டிரைவர் ஒருவர், மேட்டுப்பாளையம்

பதில்: நீங்க சொல்ற கருங்கல்ல ஒரு துண்டு எடுத்து ரோட்டுல போட்டா லாரி ஏறினாலும் உடையாது. ஆனா மலையில அது ஒரே துண்டா நிக்கலீங்க, வெடிப்பு வெடிப்பா பிரிஞ்சு அடுக்கி வச்ச மாதிரி தான் நிக்குது. அதனால பெரும்பாலும் கல்லு உடைஞ்சு விழறதில்ல, அந்த வெடிப்பு மேல வழுக்கிட்டு வருது. வீட்டுல ஒரு பலகை மேல செங்கல்ல வச்சு ஒரு பக்கமா மெதுவா தூக்கிப் பாருங்க, 30 டிகிரி சுமாருக்கு வரும்போது வழுக்க ஆரம்பிச்சுடும். பாறைக்கும் அதே கதைதான். வெடிப்பு ரோட்டப் பாத்து அதவிட செங்குத்தா சாஞ்சிருந்து, ரோடு போட வெட்டுனதுல அதோட அடிப்பக்கம் வெளிய தெரிஞ்சா, மேல இருக்குற கல்ல தாங்க கீழ ஒண்ணுமே இல்ல.

இதுல மழை என்ன பண்ணுதுன்னா ரெண்டு வேலை பண்ணுது. நீலகிரி பாறை சார்னோகைட்ங்கற கருங்கல் வகை, அதுல இருக்குற ஃபெல்ட்ஸ்பார்ங்கற கனிமம் தண்ணி பட்டு பட்டு காலப்போக்குல களிமண்ணா மாறிடும், அந்தக் களிமண்ணு வெடிப்புக்குள்ள போய் உக்காந்துச்சுன்னா 30 டிகிரில வழுக்க வேண்டிய கல்லு 20க்கும் கீழயே வழுக்கும். இது வருஷக்கணக்குல நடக்குறது. இன்னொண்ணு ஒரே ராத்திரில நடக்குறது. 10 மீட்டர் ஆழ வெடிப்பு ஒண்ணு தண்ணியால ரொம்பிடுச்சுன்னா அதோட அடியில ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 டன் கணக்குல தண்ணி பாறைய வெளிய தள்ளும், தண்ணி வெளிய போக வழி இருந்தா இந்த அழுத்தமே வராது, அதனால தான் தடுப்புச்சுவர்ல விட்டிருக்குற ஓட்டை அடைச்சுக் கிடந்தா எனக்கு வயிறு கலங்கும்.

பாறை மக்கிப் போறதும் ஒரே சீரா நடக்காது. வெடிப்பு ஓரத்துல இருந்து வெங்காயத் தோல் மாதிரி உரிஞ்சு உரிஞ்சு, கடைசில சுத்தியும் செம்மண்ணு, நடுவுல மட்டும் உருண்டையா கெட்டிக் கல்லுன்னு நிக்கும், லட்டுக்குள்ள முந்திரி பதிச்ச மாதிரி. மழை அந்த மண்ண அரிச்சா முந்திரி உருண்டு வர வேண்டியது தானே, அதுவும் ஆட்டோ சைஸ் முந்திரி. உங்க ரூட்ல பர்லியார் தாண்டி மேல ஏறும்போது வெட்டுன சரிவுகள்ல இத நிறைய பாக்கலாம்.

டிரைவர் சீட்ல இருந்தே பாக்கக் கூடியதுன்னா, நேத்து இல்லாத சின்னச் சின்ன கல்லு இன்னிக்கு ஒரே இடத்துல குமிஞ்சு கிடக்கா, கறுத்துப் போன பாறையில புதுசா வெளிறின தழும்பு தெரியுதா, எப்பவும் தெளிவா வர்ற ஊத்து கலங்கி வருதா, இல்ல நல்ல மழையில திடீர்னு நின்னு போச்சா. கடைசியா சொன்னது ரொம்ப மோசம், தண்ணி உள்ளயே தேங்குதுன்னு அர்த்தம். அந்த மாதிரி இடத்துல டீ குடிக்கக் கூட வண்டிய நிறுத்தாதீங்க. அக்டோபர், நவம்பர்ல இன்னும் உஷாரா இருங்க, 1993ல மரப்பாலம் கிட்ட ரோட்டயே அடிச்சுட்டுப் போனதும் நவம்பர், 2009ல நீலகிரி முழுக்க 40 பேருக்கு மேல செத்ததும் நவம்பர் தான்.

கேள்வி: சிவில் ஃபைனல் இயர் படிக்கிறேன் சார். மலை ரோட்டு பாறைச் சரிவு பத்தி ப்ராஜெக்ட். ஆர்எம்ஆர் 65 வந்துச்சு, 'நல்ல பாறை'ன்னு ரிப்போர்ட் எழுதிட்டேன். கைடு திருப்பிக் குடுத்துட்டாரு. என்ன தப்பு?
– மாணவர், கோயம்புத்தூர்

பதில்: கைடு சரியாதான் பண்ணிருக்காரு தம்பி. பீனியாவ்ஸ்கிங்கற பாறைப் பொறியாளர் 1973ல குடுத்த ஆர்எம்ஆர், பாறையோட தரத்துக்கு நூறுக்குப் போடுற மார்க்கு, கல்லோட பலம், வெடிப்பு எவ்ளோ நெருக்கம், வெடிப்போட முகம் சொரசொரப்பா வழவழப்பா, தண்ணி இருக்கா, இதெல்லாம் பாக்குது. சரிவுக்கு முக்கியமான விஷயம், அந்த வெடிப்பு எந்தப் பக்கம் பாத்து சாயுதுங்கறது, உன்னோட 65ல இல்லவே இல்ல. அதுக்குத்தான் ஸ்பெயின் நாட்டு ரொமானா 1985ல எஸ்எம்ஆர்னு சரிவுக்கே ஒரு மார்க்கு கொண்டு வந்தாரு, ஆர்எம்ஆர்ல இருந்து கூட்டிக் கழிச்சு வர்றது. வெடிப்பு சரிவோட ஒரே திசையில சாஞ்சா மார்க்க கழிக்கணும், எப்படி வெட்டுனாங்கங்கறதுக்கும் கூட்டல் கழித்தல் உண்டு, இயற்கையான சரிவுன்னா 15 கூட்டுவாங்க, வெடி வச்சு தாறுமாறா உடைச்சிருந்தா 8 கழிப்பாங்க.

உன் சரிவு 70 டிகிரி, வெடிப்பு 50 டிகிரி, ரெண்டும் ரோட்டையே நேரா பாக்குதுன்னு வச்சுக்கோ. கழிக்க வேண்டியது முழுசா 60. சாதாரணமா வெட்டுன சரிவுன்னா 65ல 60 போச்சு, மிச்சம் 5, அதாவது 'மிக மோசம்'. அதே பாறை, அதே வெடிப்பு, ஆனா ரோடு பள்ளத்தாக்கோட எதிர்ப்பக்கம் போயிருந்தா வெடிப்பு மலைக்குள்ள சாஞ்சிருக்கும், மார்க்கு பெருசா குறையாது.

அடுத்த தடவை போகும்போது காம்பஸ் எடுத்துட்டுப் போய் சாய்வும் திசையும் நூறு இடத்துலயாவது எடு, பத்து இருபது ரீடிங்க வச்சு முடிவு பண்ணாத. ரெண்டு வெடிப்பு குறுக்க வெட்டி ஆப்பு மாதிரி ஒரு துண்டு ரோட்டப் பாத்து நிக்குதான்னும் பாரு. சுத்தியலால தட்டு, நல்ல பாறை டங்குனு கையத் திருப்பி அடிக்கும், மக்கிப் போனது தொப்புனு வாங்கிக்கும், இன்னும் மோசம்னா சுத்தியல் முனை உள்ள எறங்கிடும். நான் சர்வீஸ்ல இருந்தப்ப ஒரு ரோடு அகலப்படுத்துற வேலைக்குப் போனேன், பாறை முகம் பளிச்சுன்னு இருந்துச்சு, எல்லாரும் ஓகேன்னாங்க. ஒரு வெடிப்புல பழுப்புக் கலர்ல ஒரு கோடு தெரிஞ்சுது, கையில இருந்த பால்பாயிண்ட் பேனாவ வச்சு அமுக்குனேன், மூடி வரைக்கும் உள்ள போயிடுச்சு, இழுத்தா வெண்ணெய் மாதிரி களிமண்ணு ஒட்டிட்டு வந்துச்சு. அந்த இடத்துல அடிவாரத்த வெட்டாதீங்கன்னு எழுதிக் குடுத்தேன், வேலை எடுத்தவங்க வெட்டிட்டாங்க, அந்த மழையிலயே இறங்கிடுச்சு. ராத்திரி நேரம்ங்கறதால ஆள் இல்ல. இன்னிக்கும் நெனச்சா மனசு ஆறல.

கேள்வி: சார்னோகைட்னு பேரு எப்படி வந்துச்சு?
– வாசகி, ஊட்டி

பதில்: கல்கத்தாவுல ஜாப் சார்னாக்ங்கற ஆங்கிலேய வியாபாரியோட கல்லறைக் கல்லு இந்தப் பாறை தான், அதனால 1893ல தாமஸ் ஹாலண்ட்ங்கற புவியியலாளர் அந்தப் பேர வச்சாரு. சென்னை பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் இருக்குறதும் இதே பாறை தான்மா.

கேள்வி: எங்க வீடு ரோட்டுக்கு மேல இருக்கு. ரோட்ட அகலப்படுத்த கீழ ஜேசிபி வச்சு வெட்டிட்டாங்க. இப்ப முத்தத்துல விரல் நுழையற அளவுக்கு விரிசல். மரம் நட்டா நின்னுடுமா?
– இல்லத்தரசி, கோத்தகிரி பக்கம்

பதில்: அம்மா, மரம் அப்புறம் பாத்துக்கலாம். வேர் ஒரு மீட்டர், ரெண்டு மீட்டர் மண்ணப் பிடிக்கும், ஆழத்துல பாறை வெடிப்புல வழுக்குறத பிடிக்காது, வெட்டு விளிம்புல பெரிய மரம் காத்துல ஆடுச்சுன்னா விரிசல் இன்னும் அகலமாகும்.

முதல்ல விரிசலுக்கு ரெண்டு பக்கமும் ஒரு முளைக்குச்சி அடிச்சு, இடைவெளிய ஸ்கேல் வச்சு அளந்து தேதி போட்டு நோட்டுல எழுதுங்க, தினமும் அதே நேரத்துக்கு. விரிசலுக்குள்ள மழைத்தண்ணி போகாம களிமண்ணு வச்சு அடைச்சு மேல தார்ப்பாய் போடுங்க, கூரைத்தண்ணி, பாத்திரம் கழுவுற தண்ணி, செப்டிக் டேங்க் கசிவு எதுவும் அந்தப் பக்கம் போகவே கூடாது, குழாய் போட்டு தூரமா விடுங்க. சரிவுல இரும்புக் கம்பிய ஆணி மாதிரி அடிக்கிறது, மேல வலை போடுறது எல்லாம் சர்வே பண்ணிட்டு துறை செய்ய வேண்டியது, அதுக்கு உங்க நோட்டுல இருக்குற அளவும் தேதி தெரியுற போட்டோவும் வச்சு கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுங்க.

அளவு ஒரே நாள்ல சட்டுனு கூடுச்சுன்னா, இல்ல கதவு சாத்த முடியாம இறுகுச்சுன்னா, ஆதார், ரேஷன் கார்டு மட்டும் எடுத்துட்டு குழந்தைகளோட அன்னிக்கே வெளிய வந்துடுங்க, வந்துட்டு மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077க்கு போன் பண்ணுங்க. ராத்திரி ஆனாலும் பரவால்ல, காலைல பாத்துக்கலாம்னு மட்டும் படுத்துடாதீங்க.