குடித்திருக்கும்போது ஆணுறை மட்டும் ஏன் மறந்துபோகிறது?

"மது அருந்திவிட்டு உறவு கொள்ளும்போது பாதுகாப்பு விஷயம் மட்டும் ஏன் தவறிப்போகிறது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லவும்" என்று கேட்டிருக்கிறீர்கள். பெயரை மறைத்துத்தான் எழுதுகிறேன். அம்மாவும் இந்தத் தளத்தில் இருக்கிறார்.

மறப்பதில்லை என்பதுதான் என் பதில். அப்போது எனக்கு 24 வயது. பெருங்குடியில் நண்பர் வீட்டில் பிறந்தநாள் பார்ட்டி, ஓட்கா. காலையில் பார்த்தால் கட்டிலுக்கடியில் ஆணுறைப் பாக்கெட். ஓரம் கிழித்திருக்கிறது, உள்ளே உறை சுருள் கலையாமல் இருக்கிறது. ஆக, ஞாபகம் வந்திருக்கிறது, கிழிக்கும் வரை கையும் போயிருக்கிறது. "பரவாயில்லை விடு" என்று சொன்னது நானேதான். அது நன்றாக நினைவிருக்கிறது.

இதற்கு 'ஆல்கஹால் மயோப்பியா' என்று பெயர். போதைக் கிட்டப்பார்வை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீல், ஜோசப்ஸ் என்ற உளவியலாளர்கள் 1990இல் எழுதியது. பக்கத்தில் இருக்கும் ஆள் பளிச்சென்று தெரிவார்; தள்ளி இருக்கும் கர்ப்பமும் நோயும் மங்கிவிடும். மைனஸ் ஐந்து பவர்க்காரி நான், உடனே புரிந்தது. கண்ணாடி இல்லாவிட்டால் பஸ் வருவது தெரியும், நம்பர் தெரியாது.

அன்று நாலு மெடிக்கல் ஷாப் ஏறி இறங்கினேன். அவசரக் கருத்தடை மாத்திரை என்றதும் "அதெல்லாம் வர்றதில்லம்மா". மருந்துச்சீட்டு இல்லாமலே விற்கக்கூடியதுதான். இருந்தும் தமிழ்நாட்டில் பல கடைகளில் வைப்பதில்லை. கடைசியில் பெங்களூரிலிருந்து வந்த தோழியின் பையில் வந்து சேர்ந்தது. 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், சீக்கிரம் போடப் போட நல்லது.

ஆனால் அந்த மாத்திரை கிருமியை ஒன்றும் செய்யாது. அதற்காக அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்கு, அதாவது எச்ஐவி டெஸ்ட்டும் ஆலோசனையும் தரும் இடத்துக்குப் போனேன், புத்திமதி கேட்கத் தயாராக. ஆலோசகர் அக்கா கேட்டது ஒன்றுதான்: "எத்தனை மணி நேரமாச்சும்மா?" எச்ஐவி சந்தேகம் இருந்தால் தடுப்பு மருந்தையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டுமாம். அன்று என்னோடு இருந்த என் ஆளும் வந்து டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்தான். இருவருக்கும் இல்லை என்று வந்ததால் எனக்கு அது தேவைப்படவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி ஒரு டெஸ்ட். காசு கிடையாது, விஷயமும் வெளியே போகாது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் முதலில் எய்ட்ஸ் ஹெல்ப்லைன் 1097க்கு போன் போடுங்கள், இலவசம்.

இப்போதெல்லாம் முதல் டம்ளருக்கு முன்பே பேசி முடித்துவிடுகிறோம். காலாவதித் தேதி பார்த்து ஆணுறையை நானே வாங்குகிறேன். அவன் பர்ஸில் மாதக்கணக்கில் சூட்டில் வதங்கியதை நம்புவதில்லை. கிட்டே இருப்பதுதானே தெரியும் என்று கட்டிலோர ஸ்டூலில், கண்ணாடிக்கூட்டின் மேலேயே வைத்துவிடுகிறேன். இருவரில் ஒருவர் தள்ளாடினாலும் அன்று தூக்கம்தான். என்ன நடக்கிறது என்றே புரியாத போதையில் ஒரு பெண் சொல்லும் 'சரி'யைச் சட்டமும் சம்மதமாக எடுத்துக்கொள்ளாது. போன புத்தாண்டுக்கு அவன் ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் தூங்கினான்.