பந்தைப் பிடிக்க வேண்டாம், முன்னால் விழவைத்தால் போதும்

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறோம். 12 வயது மகன் லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பின் மேஜர்ஸ் பிரிவில் கேட்சராக, அதாவது பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தை வாங்குபவனாக, ஆடுகிறான். தரையில் குத்தி வரும் பந்தெல்லாம் காலுக்கு நடுவே புகுந்து பின்னால் போய்விடுகிறது. ஸ்கோர் ஆப்பில் அவன் பெயரில் 'பாஸ்டு பால்' (கேட்சர் தவறால் நழுவிய பந்து) ஏறிக்கொண்டே போகிறது. ஒருவர் 400 டாலர் மிட் (கேட்சர் கையுறை) வாங்கச் சொல்கிறார், இன்னொருவர் தனிப் பயிற்சியில் சேர்க்கச் சொல்கிறார். வீட்டில் நாங்களே ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முதலில் அந்த ஆப் கணக்கைத் தூக்கிப் போடுங்கள். பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு வருமுன்பே தரையில் பட்ட பந்து கேட்சரிடம் நிற்காமல் போய், பேஸில் நிற்கும் ரன்னர் அடுத்த பேஸுக்கு முன்னேறினால் அது 'வைல்டு பிட்ச்'. பந்து எறிகிற பிட்சர் கணக்கில்தான் ஏற வேண்டும். விதி தெரியாத யாரோ ஒரு அப்பா போனில் தட்டியதற்கு உங்கள் பையன் ஏன் தூக்கம் கெட வேண்டும்?

அவன் செய்யும் தப்பு அநேகமாக ஒன்றுதான்: பந்தைப் பிடிக்கப் பார்க்கிறான். குத்தி வரும் பந்தைப் பிடிக்கக் கூடாது, மார்பில் வாங்கி முன்னால் விழவைக்க வேண்டும். இதற்குப் பெயர்தான் 'ப்ளாக்'. இரண்டு முட்டியும் மிட்டும் ஒன்றாகத் தரைக்குப் போகட்டும். மிட் முட்டிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அடைக்க வேண்டும், வெறுங்கை அதன் பின்னால் ஒளிந்திருக்க வேண்டும். மோவாய் நெஞ்சைத் தொட, தோள்கள் முன்னால் வளைய, உடம்பு பிளேட்டின் மேல் சற்றுக் கவிழ வேண்டும். நெஞ்சு நிமிர்ந்திருந்தால் பந்து எங்கோ தெறித்துவிடும். பந்து படும் நேரத்தில் மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள், உடம்பு இளகும்.

இதெல்லாம் தெரிந்தும் செய்யாததற்குக் காரணம் பயம். பயத்தில் தலையைப் பக்கவாட்டில் திருப்புவான். மாஸ்க் காப்பது முன்பக்கத்தைத்தான், திருப்பினால் கழுத்து வெளியே தெரியும். திட்டி இதைச் சரிசெய்ய முடியாது. டென்னிஸ் பந்து எடுங்கள். கவசம் முழுவதும் மாட்டி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவன் முட்டி போடட்டும். 15 அடி தூரத்திலிருந்து, அவனுக்கு முன்னால் ஒரு குத்து குத்தி நெஞ்சுக்கு வரும்படி மெதுவாகப் போடுங்கள். தலை திரும்பாமல் தொடர்ந்து பத்துப் பந்து வாங்கிய பிறகே மிட்டைக் கொடுங்கள். அப்புறம் மெத்தென்ற பயிற்சிப் பந்து, கடைசியில்தான் நிஜப் பந்து. பிளேட்டுக்கு முன்னால் கை எட்டும் தூரத்தில் சாக்பீஸால் ஒரு அரைவட்டம் போடுங்கள். பந்து அதற்குள் செத்து விழுந்தால் வெற்றி. பக்கவாட்டில் வரும் பந்துக்கு அந்தப் பக்க முட்டி முதலில் போக, நெஞ்சு பிளேட்டைப் பார்த்தபடியே இருக்க வேண்டும்.

பத்து நிமிடம் போதும். பேஸில் ஆள் இல்லை, பேட்டருக்கு இரண்டு ஸ்ட்ரைக்கும் (மூன்று ஆனால் அவுட்) ஆகவில்லை என்றால் ஆட்டத்தில் முட்டி போடவே வேண்டாம். 11, 12 வயது பிட்சருக்கு ஒரு நாளைக்கு 85 பந்து என்று எழுதி வைத்திருக்கிற லிட்டில் லீக், கேட்சர் முட்டிக்கு ஒரு கணக்கும் வைக்கவில்லை. அணிகள் அதற்கு மேல்: பையனுக்குக் கவசம் மாட்டி, பிட்சர்கள் எறிவதை வாங்க உட்காரவைத்துவிட்டு அதற்குக் 'கேட்சர் பயிற்சி' என்று பெயர் வைக்கிறார்கள். முட்டிச் சில்லுக்குக் கீழே வலிக்கிறது என்றால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

400 டாலர் மிட்டால் ப்ளாக் செய்ய வராது. அந்தக் காசில் நாக்ஸி (NOCSAE, அமெரிக்க விளையாட்டுக் கவசப் பாதுகாப்புத் தரம்) முத்திரை உள்ள மார்புக் கவசம் வாங்குங்கள். நெஞ்சில் படும் அடியால் இதயத் துடிப்பு குலையும் ஆபத்துக்காக, உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் 2020 முதல் அது கட்டாயம். தனிப் பயிற்சி என்ற பெயரில், முதல் நாளே பந்து எறியும் எந்திரத்தை முழு வேகத்தில் ஓடவிட்டுப் பையனை அதன் முன் உட்காரவைக்கும் ஆளிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பயம் இரட்டிப்பாவதற்குத்தான் அங்கே பணம் கட்டுகிறீர்கள். இன்னொரு வகை ஆள் "காலேஜ் கோச்சுகளுக்குப் பையனைக் காட்டுகிறேன்" என்பார். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் 1 கோச்சுகள் 11-ஆம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 வரை பையனோடு அணியில் சேர்ப்பதைப் பற்றிப் பேசவே விதி இடம் தராது. உங்கள் மகனுக்கு 12 வயது. பர்ஸை மூடிக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்றை மட்டும் அவனை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள்: மூன்றாவது ஸ்ட்ரைக். தரையில் குத்திய பந்து மிட்டுக்குள் வந்து உட்கார்ந்தாலும் விதிப்படி அது பிடித்த கணக்கில்லை. முதல் பேஸ் காலியாக இருந்தால் பேட்டர் அவுட் ஆகாமல் அங்கே ஓடலாம். அங்கே ஆள் இருந்தாலும், ஏற்கெனவே இரண்டு அவுட் ஆகியிருந்தால் ஓடலாம். ஆள் இருந்து, இரண்டு அவுட் ஆகாதிருந்தால் மட்டுமே பேட்டர் தானாக அவுட். அப்போதும் மற்ற ரன்னர்கள் நகரலாம், அதனால் ப்ளாக் செய்தே ஆக வேண்டும். பேட்டர் ஓடினால் பந்தை எடுத்து அவனைத் தொட வேண்டும், அல்லது முதல் பேஸுக்கு எறிய வேண்டும். மூன்று பேஸும் நிறைந்து இரண்டு அவுட் என்றால் பந்தோடு ஹோம் பிளேட்டை மிதித்தாலே முடிந்தது. பெரியவர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள்: 1941 வேர்ல்டு சீரிஸ் (அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் இறுதித் தொடர்) நான்காம் ஆட்டத்தில் ஒன்பதாம் இன்னிங்ஸ், இரண்டு அவுட், டாட்ஜர்ஸ் 4-3 முன்னிலை. ஆட்டத்தை முடித்திருக்க வேண்டிய மூன்றாவது ஸ்ட்ரைக் டாட்ஜர்ஸ் கேட்சர் மிக்கி ஓவனைத் தாண்டி ஓடியது, யாங்கீஸ் 7-4 என்று ஜெயித்தார்கள்.

ஆகவே பயிற்சியில் பந்து அரைவட்டத்தில் விழுந்ததும் முடிந்தது என்று விடாதீர்கள். "ஆள் எங்கே, எத்தனை அவுட்?" என்று ஒவ்வொரு பந்துக்கு முன்னும் நீங்கள் கேளுங்கள். அவன் பதில் சொல்லிவிட்டு முட்டி போடட்டும், எழுந்து சரியான இடத்துக்கு எறியட்டும்.