ஜாவாஸ்கிரிப்ட் கேள்வி பதில்: எண்ணை எழுத்தாகப் படிக்கும் சார்ட்

கேள்வி: 5, 25, 100, 10 ஆகிய எண்களை சார்ட் (வரிசைப்படுத்தும் கட்டளை) செய்தால் 10, 100, 25, 5 என்று வருகிறது. எங்கே தவறு?

பதில்: எப்படி ஒப்பிடுவது என்று நாம் சொல்லாவிட்டால், சார்ட் ஒவ்வொரு எண்ணையும் ஸ்ட்ரிங்காக (எழுத்துகளின் தொடராக) மாற்றி, அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல் முதல் எழுத்திலிருந்து ஒப்பிடும். 1இல் தொடங்குபவை எல்லாம் முன்னே, 5 கடைசியில். எனவே அடைப்புக்குள் ஓர் ஒப்பீட்டு ஃபங்ஷன் கொடுங்கள்:

(அ, ஆ) => அ - ஆ

இதை இப்படியே தட்டினாலும் ஓடும். மாறிகளுக்குத் தமிழ் எழுத்தில் பெயர் வைக்க இந்த மொழி இடம் தருகிறது.

கழித்து வருவது குறை எண் என்றால் அ முன்னே. மிகை எண் என்றால் ஆ முன்னே. 0 என்றால் இருந்த வரிசையே நீடிக்கும். கழித்தலுக்குப் பதில் அ > ஆ என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. அதன் விடை உண்மை அல்லது பொய், அதாவது 1 அல்லது 0. குறை எண் வரவே வராது. இன்றைய குரோமில் பட்டியல் அசையாமல் அப்படியே நிற்கும். பிழைச் செய்தியும் வராது என்பதால் கண்டுபிடிக்க நேரமாகும்.

இன்னொன்று: சார்ட் மூலப் பட்டியலையே மாற்றிவிடும். மூலம் கெடக்கூடாது என்றால் இந்த மொழியின் 2023 பதிப்பில் வந்த, வரிசைப்படுத்திய நகலைத் தரும் டு-சார்ட்டட் பயன்படுத்துங்கள். பழைய பிரவுசர்களுக்கு முதலில் ஸ்லைஸ் மூலம் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தேதியை உருவாக்கும் நியூ டேட்டுக்கு 2024, 1, 31 கொடுத்தால் மார்ச் 2 காட்டுகிறதே?

பதில்: மாத எண் 0இல் தொடங்குகிறது, 1 என்றால் பிப்ரவரி. 2024 பிப்ரவரிக்கு 29 நாள்தான், மிச்சம் 2 நாள் மார்ச்சுக்கு வழிந்துவிட்டது. இந்த வழக்கம் ஜாவாவின் பழைய டேட் வகுப்பிலிருந்து வந்தது. வழிவதிலும் ஒரு நன்மை உண்டு: 2024, 2, 0 என்று கொடுத்தால் பிப்ரவரியின் கடைசி நாளான 29 கிடைக்கும். மாதத்தைப் போலன்றி, தேதி எண் 1இல்தான் தொடங்குகிறது, அதனால் 0 என்றால் முந்தைய மாதத்தின் கடைசி நாள்.

"2024-02-10" என்று ஸ்ட்ரிங்காகக் கொடுத்தால் அது யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவாகக் கொள்ளப்படும். அமெரிக்கா போல உள்ளூர் நேரம் யூடிசிக்குப் பின்தங்கிய நாடுகளில் 9ஆம் தேதி என்று தெரியும். 2024, 1, 10 என மூன்று எண்களாகக் கொடுத்தால் உள்ளூர் நேரமே எடுக்கப்படும்.

கேள்வி: "10", "10", "10" என்ற பட்டியலில் மேப்புக்குள் (ஒவ்வொரு உறுப்பையும் ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்புவது) பார்ஸ்இன்ட் (ஸ்ட்ரிங்கை முழு எண்ணாக்குவது) கொடுத்தேன். 10, ‘எண் அல்ல’, 2 வருகிறது.

பதில்: மேப் உறுப்போடு அதன் இட எண்ணையும் அனுப்பும், பார்ஸ்இன்ட் அதை எண்ணடிமானம் (எண் எழுதும் முறையின் அடி: தசமத்துக்கு 10, இருமத்துக்கு 2) என்று எடுத்துக்கொள்ளும். 0 என்றால் வழக்கமான தசமம், 1 செல்லாது, 2 என்றால் இருமம். பார்ஸ்இன்ட்டுக்குப் பதில் நம்பர் கொடுங்கள். ஆனால் வெற்று ஸ்ட்ரிங்கை நம்பர் 0 ஆக்கிவிடும், நிரப்பாத கட்டங்களை முன்பே வடிகட்டிவிடுங்கள்.