பக்கத்துக் கவுண்டியில் மட்டும் ஏன் இவ்வளவு புற்றுநோய்? கேள்வி பதில்

அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் புற்றுநோய்ப் பதிவேட்டில் வேலை பார்க்கிறேன். கவுண்டி என்பது அங்கே மாநிலத்துக்குள் நம்மூர் மாவட்டம் மாதிரி. கவுண்டி வாரியான புற்றுநோய் வரைபடத்தைப் பார்த்துப் பயந்துபோய்க் கேள்வி அனுப்பியவர்கள் பலர். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரருக்குக் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் வேலை கிடைத்திருக்கிறது. வரைபடத்தில் அந்த மாநிலமே அடர் சிவப்பாக இருக்கிறது. குழந்தைகளோடு அங்கே போகலாமா?

தாராளமாகப் போங்கள். ஆனால் அந்தச் சிவப்பு பொய்யில்லை. நாட்டிலேயே புற்றுநோய் அதிகமாகக் கண்டுபிடிக்கப்படும் மாநிலங்களில் கென்டக்கி முன்வரிசையில்தான் இருக்கிறது. முக்கியக் காரணம் நுரையீரல் புற்றுநோய். நாடு முழுக்க ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறக்குறைய 50 முதல் 55 பேருக்கு அது வருகிறது. கென்டக்கியில் 80ஐத் தாண்டுகிறது. யூட்டாவில் 25ஐ ஒட்டித்தான். அந்த 80ம் மாநிலம் முழுக்கச் சமமாகப் பரவியிருக்கவில்லை. மொத்தம் 120 கவுண்டிகளில் 54 அப்பலாச்சியா மலைப்பகுதியைச் சேர்ந்தவை. கிழக்கே நிலக்கரிச் சுரங்கங்கள் இருக்கும் அந்தப் பக்கத்தில் பல கவுண்டிகள் 100ஐயும் தாண்டுகின்றன.

இதற்கு முதல் காரணம் சிகரெட். புகையிலை அந்த மாநிலத்தில் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்ட பணப்பயிர். வீட்டுக்கு வீடு புகைப்பது அங்கே வெகுகாலம் சாதாரணமாக இருந்தது. சுரங்க வேலை, வறுமை, டாக்டரைப் பார்க்க மலைச்சாலையில் வெகுதூரம் போக வேண்டிய நிலை எல்லாம் அதோடு சேர்ந்துகொள்கின்றன. லெக்சிங்டன் இருக்கும் ஃபயெட் கவுண்டியின் கதை வேறு. பொது இடங்களில் புகைக்கத் தடை போட்ட முதல் ஊர் கென்டக்கியில் அதுதான், 2004இல். அப்படிக் கடுமையான தடை இருக்கும் ஊர்களில் நுரையீரல் புற்றுநோய் சுமார் 8 விழுக்காடு குறைவு என்று பின்னால் வந்த ஆய்வு காட்டியது.

கவுண்டி எண் என்பது அங்கே பல காலமாக வாழ்ந்தவர்களின் சராசரி. இன்று தெரியும் நுரையீரல் புற்றுநோய் 20, 30 ஆண்டுகளுக்கு முந்தைய புகையின் கணக்கு. நீங்கள் குடிபோன மாதமே அது உங்கள் குடும்பத்தின் எண் ஆகிவிடாது.

கேள்வி: "வயதுக்கு ஏற்பச் சரிக்கட்டிய விகிதம்" என்று போட்டிருக்கிறது. எண்ணைச் சரிக்கட்டினால் உண்மை மறைந்துவிடாதா?

சரிக்கட்டாவிட்டால்தான் மறையும். புற்றுநோய் பெரும்பாலும் முதுமையின் நோய். ஃப்ளோரிடாவில் சம்ட்டர் கவுண்டி என்று ஒன்று இருக்கிறது. ஓய்வு பெற்றவர்களுக்காகவே கட்டிய பிரம்மாண்டமான குடியிருப்பு அங்கே இருப்பதால், மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 65ஐத் தாண்டியவர்கள். அதே மாநிலத்தில் டாலஹாஸி நகரம் இருக்கும் லியோன் கவுண்டியில் கல்லூரி மாணவர்கள் அதிகம். தலையை எண்ணி அப்படியே வகுத்தால் சம்ட்டர் நரகம், லியோன் சொர்க்கம் என்று தோன்றும். அதனால் ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் தனித்தனியே விகிதம் எடுத்து, எல்லாக் கவுண்டிகளிலும் ஒரே வயதுக் கலவை இருப்பதாக வைத்துக்கொண்டு கூட்டுகிறோம். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கலவைதான் அதற்கு அளவுகோல்.

கேள்வி: சார் அல்லது மேடம், கென்டக்கியில் எங்கள் ராபர்ட்ஸன் கவுண்டி ஒரு வருடம் மாநிலத்திலேயே மோசம், இன்னொரு வருடம் நல்ல நிலைமை என்று வருகிறது. தண்ணீரில் ஏதாவது இருக்குமோ?

மேடம்தான். உங்கள் கவுண்டியில் மொத்தமே சுமார் 2,200 பேர். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு வருடத்தில் 11 பேருக்குப் புற்றுநோய் என்றால் லட்சத்துக்கு 500. அடுத்த வருடம் மூன்று பேர் கூடினால் 636. மூன்று பேர் குறைந்தால் 364. மூன்று பேர் என்பது வெறும் தற்செயலிலேயே ஏறி இறங்கக்கூடிய எண்ணிக்கை. ஒருவர் டிசம்பரில் டாக்டரிடம் போகாமல் ஜனவரியில் போனாலே கணக்கு அடுத்த வருடத்துக்குப் போய்விடும். லூயிவில் நகரம் இருக்கும் ஜெஃபர்ஸன் கவுண்டியில் ஏழரை லட்சத்துக்கு மேல் மக்கள். அங்கே இதே தற்செயல் அறுபது எழுபது நோயாளிகளைக் கூட்டினாலும் விகிதம் எட்டு ஒன்பதுதான் நகரும். இரண்டே இன்னிங்ஸ் ஆடியவரின் சராசரியையும் இருநூறு இன்னிங்ஸ் ஆடியவரின் சராசரியையும் ஒரே பட்டியலில் வைத்தால் முதலிடத்திலும் கடைசியிலும் இருப்பது முதல் வகை ஆட்டக்காரர்தானே? அதேதான் இங்கேயும்.

சிறுநீரகப் புற்றுநோய் வரைபடத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். விகிதம் மிகக் குறைவான கவுண்டிகளைக் குறித்தால் எல்லாம் ஆள்குறைந்த கிராமப்புறங்கள். சுத்தமான காற்று, நல்ல சாப்பாடு என்று விளக்கம் சொல்லத் தோன்றும். மிக அதிகமான கவுண்டிகளைக் குறித்தாலும் அதே ஆள்குறைந்த கிராமப்புறங்கள்தான் வரும், பல இடங்களில் அடுத்தடுத்த கவுண்டிகளாகவே.

இதனால்தான் ஐந்தாண்டுகளைச் சேர்த்துச் சராசரி எடுக்கிறோம். அப்போதும் உங்கள் கவுண்டியில் 55 பேர் என்று வைத்துக்கொண்டால், உண்மையான விகிதம் ஏறக்குறைய 380இலிருந்து 650 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். எண்ணுக்குப் பக்கத்தில் அந்த இடைவெளியையும் அச்சிட்டிருப்பார்கள். முதலில் அதைப் பாருங்கள். மாநிலச் சராசரி அதற்குள்ளேயே அடங்கினால் உங்கள் கவுண்டி "மோசம்" என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஐந்தாண்டில் ஒரு வகைப் புற்றுநோய் 16 பேருக்கும் குறைவாக வந்திருந்தால் மத்திய அரசின் அட்டவணையில் எண்ணே இருக்காது. அந்தரங்கத்தைக் காக்கவும், நம்ப முடியாத எண்ணைத் தவிர்க்கவும் அப்படிச் செய்கிறார்கள்.

கேள்வி: நாட்டிலேயே அதிகம் ஃப்ளோரிடாவின் யூனியன் கவுண்டி என்று படித்தேன். தேசியச் சராசரியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! அங்கே என்ன நடக்கிறது?

அங்கே ஒரு சிறை மருத்துவமனை இருக்கிறது. லேக் பட்லர் ஊருக்குப் பக்கத்தில் மாநிலச் சிறைத்துறையின் வரவேற்பு மற்றும் மருத்துவ மையம். ஃப்ளோரிடா முழுக்கச் சிறைகளில் நோய்வாய்ப்படும் கைதிகளை அங்கேதான் கொண்டுவருவார்கள். கவுண்டியின் மொத்த மக்கள் சுமார் 15,000. அதில் பெரிய பங்கு கைதிகள். எங்கள் விதிப்படி, நோய் கண்டுபிடிக்கப்பட்டபோது ஒருவர் எங்கே வசித்தாரோ அந்தக் கவுண்டிக்குத்தான் அவர் கணக்கு. கைதிக்குச் சிறைதான் விலாசம். மியாமியில் வளர்ந்து, அங்கேயே புகைபிடித்து, வேறு எங்கோ சிறையில் இருந்தவர், நோய் வந்ததும் யூனியன் கவுண்டிக்காரர் ஆகிவிடுகிறார். வரைபடத்தில் இதையெல்லாம் எழுதியிருக்க மாட்டார்கள். அந்தக் கவுண்டியின் மற்ற குடும்பங்கள்தான் வீண் பயத்தைச் சுமக்கிறார்கள்.

விலாசம்தான் எங்கள் வேலையில் பெரிய தலைவலி. கிராமத்தில் பலர் தபால்பெட்டி எண்ணை மட்டும் கொடுப்பார்கள். தபால் நிலையம் ஒரு கவுண்டியில், வீடு இன்னொன்றில். வேறு ஆவணங்களைத் துழாவித்தான் சரியான வீட்டைப் பிடிக்க வேண்டும். அப்புறம் எல்லை விவகாரம். வடக்குக் கென்டக்கிக்காரர் ஆற்றைத் தாண்டி ஒஹையோவின் சின்சினாட்டியில் சிகிச்சை எடுப்பார். மாநிலப் பதிவேடுகள் தங்களுக்குள் தகவலைப் பரிமாறிக்கொள்ளாவிட்டால் எல்லைக் கவுண்டிகள் எல்லாம் ஆரோக்கியமாகத் தெரியும்.

கேள்வி: கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டி பணக்காரர்கள் வாழும் இடம். நல்ல சாப்பாடு, மலையேற்றம். அங்கே ஏன் மார்பகப் புற்றுநோய் அதிகம்?

நல்ல கேள்வி. 1990களில் இதே கேள்வியைக் கேட்டு அந்தப் பெண்களே அமைப்பு திரட்டிப் போராடினார்கள், கலிஃபோர்னியாவில் ஆய்வுகளுக்கு நிதியும் வந்தது. படித்து, வேலைக்குப் போய், முப்பதைத் தாண்டி முதல் குழந்தை பெற்றவர்கள் அங்கே அதிகம். குழந்தை பெறாதவர்களும் அதிகம். இரண்டுமே மார்பகப் புற்றுநோயின் வாய்ப்பைக் கூட்டும். மது அருந்துவதும் கூட்டும். மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் மாத்திரை எடுத்தவர்களும் ஏராளம். மாமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயை ஒழுங்காகச் செய்துகொள்வதால் சின்னக் கட்டியும் கண்ணில் படும்.

2002இல் ஹார்மோன் மாத்திரை பற்றிய பெரிய ஆய்வு ஒன்று, அது மார்பகப் புற்றுநோயைக் கூட்டுகிறது என்று அறிவித்தது. பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். 2001க்கும் 2004க்கும் இடையில் மரினில் மார்பகப் புற்றுநோய் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மாநிலம் முழுக்கப் பார்த்தால் பத்தில் ஒரு பங்கு அளவுதான் குறைந்தது. மூன்றே ஆண்டில் அந்த ஊரின் காற்றும் தண்ணீரும் மாறிவிடவில்லை.

ஆகவே "புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது" என்ற எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். கூடவே இறப்பு விகிதத்தையும், முற்றிய நிலையில் எத்தனை பேருக்குக் கண்டுபிடித்தார்கள் என்பதையும் பாருங்கள். கண்டுபிடிப்பு அதிகமாகவும் இறப்பு சாதாரணமாகவும் இருந்தால் பரிசோதனை நன்றாக நடக்கிறது என்று நினைக்க இடமுண்டு. கண்டுபிடிப்பு குறைவு, இறப்பு அதிகம் என்றால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

கேள்வி: அயோவாவில் வீடு வாங்கியிருக்கிறோம். பேஸ்மென்ட்டில் ரேடான் பார்க்கச் சொல்கிறார்கள். அவசியமா?

அவசியம். ரேடான் மண்ணிலும் பாறையிலும் இருக்கும் யுரேனியம் சிதைவதால் வரும் கதிரியக்க வாயு. நிறமோ வாசனையோ கிடையாது. சிகரெட்டுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்குப் பெரிய காரணம் அதுதான். அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 21,000 பேர் இதனால் இறக்கிறார்கள் என்பது அரசின் மதிப்பீடு. அயோவாவின் 99 கவுண்டிகளும் அதிக ஆபத்துள்ள முதல் மண்டலத்தில் வருகின்றன. ஆனாலும் அடுத்தடுத்த இரண்டு வீடுகளிலேயே அளவு வேறுபடும். அதனால் கவுண்டி வரைபடத்தை நம்பி இருக்க வேண்டாம், கடையில் விற்கும் கிட்டை வாங்கி உங்கள் வீட்டிலேயே அளந்துவிடுங்கள். லிட்டருக்கு 4 பிக்கோக்யூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அல்லது அதற்கு மேல் வந்தால் குழாயும் மின்விசிறியும் பொருத்தி வெளியேற்ற வேண்டும்.

கேள்வி: எங்கள் தெருவில் மட்டும் ஐந்து பேருக்குப் புற்றுநோய். பக்கத்தில் பழைய தொழிற்சாலை. கவுண்டி அலுவலகத்தில் "எண் சாதாரணமாகத்தான் இருக்கிறது" என்கிறார்கள். எதையோ மறைக்கிறார்களா?

உங்கள் பயம் நியாயமானது. முதலில் அந்த ஐந்தும் என்னென்ன புற்றுநோய் என்று விசாரியுங்கள். அமெரிக்காவில் வாழ்நாளில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பேருக்கு ஏதோ ஒரு புற்றுநோய் வருகிறது. மார்பகம், புராஸ்டேட், குடல் என்று வெவ்வேறாக, வயதானவர்களுக்கு வந்திருந்தால் தொழிற்சாலைக்குத் தொடர்பு இருக்கும் வாய்ப்பு குறைவு. ஒரே அபூர்வ வகை, அல்லது குழந்தைகளுக்கு, அல்லது ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு என்றால் விடாதீர்கள்.

உங்களைப் போல ஒரே இடத்தில் பலருக்குப் புற்றுநோய் என்ற புகார்களின் மேல் அமெரிக்காவில் சுமார் இருபது ஆண்டுகளில் நடந்த 428 விசாரணைகளை அலசி 2012இல் ஓர் ஆய்வு வந்தது. அவற்றில் தெளிவான காரணம் கிடைத்தது ஒன்றே ஒன்றில்தான். தென் கரோலினாவில் கப்பல் கட்டும் தளத்தில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியைச் சுவாசித்தவர்களுக்கு வந்த நுரையீரல் உறைப் புற்றுநோய் அது. இதைக் காட்டி மக்கள் கேள்வியே கேட்கக் கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மொன்டானாவின் லிங்கன் கவுண்டியில் லிபி என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே வெர்மிகுலைட் என்ற கனிமத்தின் சுரங்கத் தூசியில் கல்நார் கலந்திருந்தது. தொழிலாளிகள் மட்டுமில்லை, அவர்கள் துணியைத் துவைத்த மனைவிகளும் நோயில் விழுந்தார்கள். 2009இல் அங்கே பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குப் போனது.

கவுண்டி அலுவலகம் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒரு தெருவுக்கு நடப்பது கவுண்டிச் சராசரியில் கரைந்துவிடும். மாநிலச் சுகாதாரத்துறைக்கு எழுத்தில் மனு கொடுத்து, உங்கள் சென்ஸஸ் டிராக்ட் (மக்கள்தொகைக் கணக்குக்காகக் கவுண்டியைப் பிரித்த சிறு பகுதி) அளவில் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 2020இல் எல்லாக் கவுண்டியிலும் திடீரென்று குறைந்திருக்கிறதே?

கொரோனா. பரிசோதனைக்கு யாரும் போகவில்லை. நோய் குறையவில்லை.

கேள்வி: இந்தியாவில் ஐஸால் மாவட்டத்தில்தான் ஆண்களுக்கு அதிகம், லட்சத்துக்கு 269 என்று படித்தேன். கென்டக்கியில் 500 என்றால் நம்மூர் எவ்வளவோ தேவலையா?

இரண்டையும் நேருக்கு நேர் வைக்க முடியாது. இந்தியப் பதிவேடுகள் உலகப் பொதுக் கலவையை வைத்துச் சரிக்கட்டுகின்றன. அதில் இளையவர்கள் அதிகம். அமெரிக்கக் கலவையில் முதியவர்கள் அதிகம். ஒரே ஊரின் நோயாளிகளையே இரண்டு வழியிலும் கணக்கிட்டால் அமெரிக்க வழியில் எண் கணிசமாகப் பெரிதாக வரும்.

கேள்வி: நான் கிழக்குக் கென்டக்கியில்தான் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். இந்த எண்களால் எங்கள் ஜனங்களுக்கு என்ன பயன்?

உங்கள் மாநிலமே பதில் சொல்லியிருக்கிறது, தம்பி. 1999இல் கென்டக்கியில் 50 வயதைத் தாண்டியவர்களில் மூன்றில் ஒருவர்தான் குடல் புற்றுநோய்ப் பரிசோதனை செய்திருந்தார். மாநிலங்களில் கிட்டத்தட்டக் கடைசி இடம். எந்த வட்டாரத்தில் நோய் அதிகம், எங்கே முற்றிய பிறகு கண்டுபிடிக்கிறார்கள் என்று பதிவேட்டிலிருந்து எடுத்து, உள்ளூர் மன்றங்களின் கையில் கொடுத்தார்கள். 2008இல் காப்பீடு இல்லாதவர்களுக்காகச் சட்டம் போட்டுத் திட்டம் கொண்டுவந்தார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பேர் பரிசோதனைக்கு வந்தார்கள். புதிய நோயாளிகளும் இறப்புகளும் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தன. குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனாஸ்கோப்பியில், பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சியைப் புற்றுநோய்க் கட்டியாக மாறும் முன்பே எடுத்துவிடலாம் என்பதால் நோயே வராமல் தடுக்க முடிகிறது.

நுரையீரலுக்கும் இப்போது அதே வேலை நடக்கிறது. 50 முதல் 80 வயதுக்குள், இருபது ஆண்டுகள் தினமும் ஒரு பாக்கெட் அளவுக்குப் புகைத்தவர்கள், இப்போதும் புகைக்கிறார்கள் அல்லது விட்டுப் பதினைந்து ஆண்டுகள் ஆகவில்லை என்றால், வருடம் ஒரு முறை குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும். உங்கள் வார்டுக்கு வேறு காரணத்துக்காக வருகிறவர்களிடமும் எத்தனை வருடம் புகைத்தார்கள் என்று கேட்டுக் குறித்து வையுங்கள். ஸ்கேனுக்குத் தகுதி உள்ளவர்களை அந்தக் குறிப்பை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.